பைப் போன வழி

மரத்தையெல்லாம் வெட்டித் தள்ளிய பிறகுதான் வழி கேட்க வந்தார்கள்.

நர்சரிக்காரி அப்போது எலுமிச்சைக் கன்றுகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய இடத்துக்கு மோட்டார் கிடையாது. மேட்டில் உள்ள ஊற்றுத் தொட்டியிலிருந்து கருப்பு ஓஸ் பைப் ஒன்று மண்ணுக்கடியில் இறங்கி வருகிறது. பள்ளம் பார்த்துத் தண்ணீர் தானாக வரும். வரும் என்றுதான் சொல்ல வேண்டும். சுண்டுவிரல் தடிமனுக்கு, விருப்பமில்லாத விருந்தாளி மாதிரி தயங்கித் தயங்கி வரும். மூவாயிரம் கன்றுப் பைகளுக்கும் விட்டு முடிக்கக் காலையில் இரண்டு மணி நேரம், சாயங்காலம் இரண்டு மணி நேரம். இந்த வெயிலில் ஒரு வேளை தவறினால் இலை சுருண்டுவிடும். இரண்டு நாள் தவறினால் மூவாயிரத்தையும் அள்ளிக் குப்பையில் கொட்ட வேண்டியதுதான். அந்தக் குடும்பம் சாப்பிடுவது, உடுத்துவது, மகனை வெளியூரில் படிக்க வைப்பது எல்லாமே அந்தச் சுண்டுவிரல் தண்ணீரில்தான்.

கேட்டருகே செருமல் கேட்டது. மர கான்ட்ராக்டர் ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றார். அவருக்குப் பின்னால், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, நாத்தனார்.

"வணக்கங்க்கா. மேல இவங்க தோப்புல மரம் எடுத்திருக்கோம். லாரி போக வர உங்க இடத்துல கொஞ்சம் வழி வேணும்."

"எடுத்திருக்கீங்களா, எடுக்கப் போறீங்களா?"

"எடுத்தாச்சுக்கா. நேத்தோட முடிஞ்சுது."

ஒன்பது நாளாக மேலே ரம்பம் அலறிக்கொண்டிருந்தது அவளுக்கும் தெரியும். அலறல் காதில் விழுந்த ஒவ்வொரு நாளும், இவ்வளவு மரத்தையும் எந்த வழியாகக் கொண்டுபோவார்கள் என்று நினைத்தாள். மேல் பக்கமாக ஏதோ ஏற்பாடு இருக்கும் என்று தனக்குத் தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

"மேல் பக்கம் பாதை இருக்கே?"

"அங்க முழுக்கப் பாறைக்கா. ஆளே பாத்துத்தான் நடக்கணும். இந்தப் பக்கம் ஓடை. உங்க இடத்தை விட்டா ரோட்டுக்கு வேற வழியே இல்ல."

"இது வெட்டறதுக்கு முன்னாடி தெரியாதா?"

"தெரியும்க்கா. அதான் உங்க வீட்டுக்காரர்கிட்ட அப்பவே கேட்டுட்டேனே. ஆகட்டும்னாரு."

நர்சரிக்காரி ஓஸைக் கீழே வைத்தாள். அவள் வீட்டுக்காரரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். தெருவில் அவருக்குப் பெயரே 'ஆகட்டும் அண்ணன்'தான். கட்சியில் சேரச் சொல்லி வந்தவர்களுக்கும் ஆகட்டும், எதிர்க்கட்சியில் சேரச் சொல்லி வந்தவர்களுக்கும் ஆகட்டும். நாய்க்குட்டி தருகிறேன் என்றவனுக்கு ஆகட்டும் என்று சொல்லி, மூன்று நாய்க்குட்டிகள் வந்து இறங்கியதுண்டு. அவர் வாயிலிருந்து 'முடியாது' என்ற சொல் வந்து யாரும் கேட்டதில்லை. அதையெல்லாம் சொல்வதற்கு வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாளே என்ற தைரியம்.

"அவர் ஆகட்டும்னு சொன்னா அது பேச்சு இல்லீங்க. கொட்டாவி மாதிரி, தானா வர்றது. என்கிட்ட யாராவது கேட்டீங்களா?"

"அதான் இப்ப கேக்கிறோமே," என்றார் நாத்தனார். அவர் கேட்கும் விதம் எப்போதுமே தீர்ப்புச் சொல்வது போலத்தான் இருக்கும்.

"இப்பக் கேக்கிறது கேக்கிறதில்ல அண்ணி. வீட்டுக்குள்ள வந்து உக்காந்துட்டு, உள்ள வரலாமான்னு கேக்கிற மாதிரி இருக்கு. முடியாது."

கான்ட்ராக்டர் ஹெல்மெட்டை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். நாத்தனார் மட்டும் அசரவில்லை. "சாயங்காலம் வர்றேன்," என்று சொல்லிவிட்டு, கன்றுகளுக்கு நடுவே அவர் தினமும் நடக்கும் ஒற்றையடிப் பாதையில் மேலே ஏறிப் போனார்.

மத்தியானம் சோற்றுத் தட்டை வீட்டுக்காரர் முன்னால் வைத்த விதத்திலேயே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது. பருப்பு இருந்தது; முட்டைப் பொரியல் இருந்தது; பேச்சு மட்டும் இல்லை. அவர் இரண்டு வாய் சாப்பிட்டார்.

"கான்ட்ராக்டர் வந்தாரா?" என்றார்.

"வந்தாரு. நீங்க ஆகட்டும்னு சொன்னீங்களாம்."

"பாதை பத்தி ஏதோ கேட்டாரு. நான் மண் சலிச்சுக்கிட்டு இருந்தேன்."

"லாரி விடட்டுமான்னு கேட்டாருங்க. நம்ம பைப் மேல லாரி. பாரம் ஏத்தின லாரி."

வீட்டுக்காரரின் கை தட்டில் நின்றது. "பைப் மேலயா?" என்றார்.

"பின்ன? பாதைக்குக் குறுக்கால தானே பைப் போகுது? லாரி எங்க வந்தாலும் அதைத் தாண்டித்தானே ஆகணும்? உடைஞ்சா என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

"உடையும்தான்," என்றார் அவர். முட்டைப் பொரியலைப் பார்த்துக்கொண்டே நெடுநேரம் இருந்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். "இன்னும் கொஞ்சம் பருப்பு ஊத்து," என்றார்.

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

சொன்னபடியே சாயங்காலம் நாத்தனார் வந்தார். கவிழ்த்து வைத்திருந்த வாளி ஒன்றில் உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார். தனி ஆள். மகள் கல்யாணமாகி எங்கோ இருக்கிறாள். புருஷன் போய்ப் பல வருஷமாகிறது. மேட்டு வீட்டின் கூரை ஒரு பக்கம் இறங்கி, போன மழையில் கட்டிலுக்கு மேலேயே குடை விரித்து வைத்துக்கொண்டு படுத்தவர். இதை அவரே சொல்லமாட்டார். வேறு எதையாவது சொல்லி, அதற்குள் இது இருப்பதை நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

"எங்கப்பா இருந்திருந்தா இந்தக் கேள்வியே வந்திருக்காது," என்றார்.

"அவர் இருந்திருந்தா அவர்கிட்டயே கேட்டிருக்கலாம். இப்ப நான்தான் இருக்கேன்."

"மேல் பாதி எனக்கு, கீழ் பாதி தம்பிக்குன்னு பிரிச்சப்ப, பாதையைப் பத்தி நான் ஒரு வார்த்தை பேசினேனா?"

"பேசியிருக்கணும் அண்ணி. பேசாம விட்டதுக்கு இப்ப நான் வாங்கிக் கட்டிக்கிறேன்."

"மழை இறங்கிடுச்சுன்னா அந்த மேட்டுல சக்கரம் நிக்காது. மரம் அங்கயே கிடந்து கருத்துப் போகும். மரக் காசை நம்பிக் கூரை வேலைக்கு ஆளையும் வரச் சொல்லியாச்சு."

"யாரைக் கேட்டு?"

"என் கூரைக்கு யாரைக் கேக்கணும்?"

நர்சரிக்காரி ஓஸை அடுத்த வரிசைக்கு இழுத்தாள். அவளுக்கு வந்த எரிச்சலில் பாதி நாத்தனார் மீது, பாதி தன் மீது. ஏனென்றால் அந்தக் குடை விஷயம் அவளுக்குத் தெரியும். தெரிந்த பிறகு முடியாது என்று நிற்பதற்கு ஒரு கல்நெஞ்சு வேண்டும். அது அவளிடம் பேச்சில்தான் இருந்தது. ஆனால் இந்தப் பக்கம் திரும்பினால் மூவாயிரம் கன்று. பழத்தோட்டம் போடுகிற ஒருவர் முன்னமே சொல்லிவைத்தவை. இன்னும் மூன்று வாரத்தில் வண்டியோடு வருவார். பைப் உடைந்து அந்த விற்பனை நின்றுபோனால் அடுத்த வருஷம் இவளுக்கே கூரை இருக்குமா தெரியாது.

இரண்டு நாள் யாருக்கும் பதில் சொல்லாமல் வேலை பார்த்தாள். பைகளில் மண் நிரப்பினாள், களை பிடுங்கினாள், நிழல் வலையில் கிழிசலைத் தைத்தாள். மேலே வெட்டிப் போட்ட மரத்தின் பச்சை வாசனை காற்றில் இறங்கி வந்துகொண்டே இருந்தது. மூன்றாம் நாள் காலை தானே கான்ட்ராக்டரைக் கூப்பிட்டு அனுப்பினாள்.

"வாங்க, நடந்து பாக்கலாம்."

நிழல் வலைக் கூடாரத்துக்கும் தாய்ச்செடிப் பாத்திக்கும் நடுவே ஒரு வண்டி போகிற அகலம் இருந்தது. அதற்கு மேல் சரிவு. கான்ட்ராக்டர் காலடியால் அளந்துகொண்டே வந்தார். வீட்டுக்காரர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, பரீட்சை ஹாலுக்குள் வந்தவர் போல நடந்தார்.

"லாரி கூடாது," என்றாள் அவள். "டிராக்டர். அதுவும் பாதி பாரம்தான்."

"நடை ஜாஸ்தி ஆகுமேக்கா."

"ஆகட்டும்."

சொன்ன பிறகுதான் தன் வாயிலும் அதே சொல் வந்துவிட்டது உறைத்தது. இன்னும் கோபம் வந்தது.

"பைப் தாண்டற இடத்துல உருட்டுக் கட்டையை நெருக்கமா அடுக்கி, மேல மண்ணைப் போட்டு மெத்தை மாதிரி பண்ணணும். சக்கரம் அது மேலதான் ஏறணும். ஒரு அடி அப்படி இப்படிப் போகக் கூடாது."

"செய்திடலாம்க்கா. பைப் எங்க போகுதுன்னு மட்டும் சரியாக் காட்டிடுங்க."

அந்தக் கேள்விக்காகவே காத்திருந்தவள் போல அவள் முகம் மாறியது. அந்த பைப்பைப் பற்றிக் கேட்டால் அவளுக்குக் கால் வலி, தலைவலி எல்லாம் பறந்துவிடும். கன்று வாங்க வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்தக் கதை தெரியும்.

"பத்தொன்பது வருஷம் ஆச்சு தம்பி. ஆள் விட்டுத் தோண்ட வசதியில்ல. பையன் அஞ்சு மாசக் குழந்தை. அவனை மர நிழல்ல படுக்க வச்சுட்டு, நான் கீழேருந்து தோண்டினேன், இவர் மேலேருந்து தோண்டினாரு. மேல ஒரு முளைக்குச்சி, கீழ ஒண்ணு, நடுவுல ஒண்ணு, சேர்த்து நூல். பதினோரு நாள். முழங்கால் ஆழம். கை ரெண்டும் கொப்புளம். நடுவுல வந்து ரெண்டு பள்ளமும் சேர்ந்துச்சு பாருங்க, கோடு போட்ட மாதிரி! கடைசிக் கொஞ்சத்தை இருட்டுல இவர்தான் வெட்டினாரு, நான் சோறாக்கப் போயிட்டேன்; பைப்பை இணைச்சு மூடிட்டு வந்தாரு. இப்பவும் தொட்டிக்கும் டேப்புக்கும் நூல் பிடிச்சீங்கன்னா, பைப் அதுக்கு நேர் கீழதான் இருக்கும்."

"பெரிய வேலைதான்க்கா," என்றார் கான்ட்ராக்டர் உண்மையான மரியாதையோடு.

வீட்டுக்காரர் எங்கோ தூரத்தில் பறந்த காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நூல் பிடித்தார்கள். நூல் பாதையைத் தாண்டிய இடத்தில் சுண்ணாம்பு போட்டார்கள். கான்ட்ராக்டரின் ஆட்கள் நாலு பேர் கட்டைகளை உருட்டி வந்து அடுக்க ஆரம்பித்தபோதுதான் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் அந்தப் பக்கமும் போடலாமே."

"எந்தப் பக்கம்?" என்றாள் அவள்.

"இல்ல... இடது பக்கம். அகலமா."

"எவ்வளவு அகலமாண்ணே?" என்றார் கான்ட்ராக்டர்.

"ஒரு பன்னெண்டு அடி."

"பன்னெண்டு அடியா! பைப் ஒரு இஞ்சுதானே அண்ணே?"

"ஒரு பாதுகாப்புக்குத்தான்."

"லாரியைக் கூப்பிட்டு வழி காட்டறப்ப வராத பாதுகாப்பு இப்ப வந்துடுச்சா?" என்றாள் அவள். "நீங்க போய் டேப்பை மூடிட்டு வாங்க. அதுவே போதும்."

அவர் போய் டேப்பை மூடிவிட்டு வந்தார். கட்டை அடுக்கி முடிந்தது. சாயங்காலம் காலி டிரெய்லரோடு டிராக்டர் அதைத் தாண்டி மெதுவாக மேலே ஏறிப் போனது; அது திரும்பிய இடத்தையே வீட்டுக்காரர் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் விடிந்ததும் அவள் பார்த்தபோது, கட்டை மெத்தைக்குப் பத்தடி தள்ளி, பாதையின் மேலேயே, யாரோ பெரிய கற்களாகக் கொண்டுவந்து வரிசையாக வைத்திருந்தார்கள்.

"இது யார் வேலை?"

"நான்தான்," என்றார் வீட்டுக்காரர். "அந்தப் பக்கம் சக்கரம் போகாம இருக்கட்டுமேன்னு."

"அந்தப் பக்கமா திரும்பித்தானேங்க கட்டை மேல ஏற முடியும்? இங்க கல்லை வச்சா டிராக்டர் எப்படித் திரும்பும்? பறந்தா வரும்?"

முணுமுணுத்துக்கொண்டே அவள் ஒவ்வொரு கல்லாகத் தூக்கி ஓரம் போட்டாள். அவர் உதவவும் இல்லை, தடுக்கவும் இல்லை. காலைத் தண்ணீர் விட்டு முடிக்கும்போது எட்டரை. மேலே டிராக்டர் கிளம்பும் சத்தம் கேட்டது.

நாத்தனார் முன்னால் நடந்து வந்தார், ஊர்வலத்துக்குத் தலைமை தாங்குகிறவர் போல. அவருக்குப் பின்னால் கான்ட்ராக்டர். அவருக்குப் பின்னால், டிரெய்லரில் பாதி பாரத்தோடு, டிராக்டர் முனகி முனகி இறங்கியது. சரிவு முடிந்து, கட்டை மெத்தையைப் பார்த்துத் திரும்ப வேண்டிய இடம். டிரைவர் கியரை மாற்றினான்.

வீட்டுக்காரர் ஓடி வந்தார். அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. நேராக டிராக்டருக்கு முன்னால், காலையில் கல் வைத்திருந்த அதே இடத்தில், சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இங்க ஏத்தக் கூடாது," என்றார். "முடியாது."

டிரைவர் பிரேக்கை மிதித்தான். நர்சரிக்காரி அவரிடம் ஓடினாள். வெயில் தலைக்கேறிவிட்டதோ என்றுதான் முதலில் நினைத்தாள்.

"என்னங்க இது? எந்திரிங்க."

"பைப் இங்கதான் போகுது."

"பைப் அங்க போகுது. கட்டைக்குக் கீழ."

"அங்க ஒண்ணும் இல்ல. வெறும் மண்ணு." அவர் குனிந்து தரையைத் தடவினார். "ரெண்டு பள்ளமும் சேரல. பத்தடி தள்ளிப் போயிடுச்சு. நான்தான் பைப்பைக் குறுக்க வளைச்சு இணைச்சேன்."

"எது தள்ளிப் போச்சு? யாரோட பள்ளம்?"

வீட்டுக்காரர் தன் அக்காவைப் பார்த்தார், கான்ட்ராக்டரைப் பார்த்தார், டிரைவரைப் பார்த்தார். "நீங்கள்லாம் கொஞ்சம் அப்படிப் போறீங்களா?" என்றார். யாரும் போகவில்லை. இன்னும் நன்றாகக் கேட்கட்டும் என்று டிரைவர் இன்ஜினை அணைத்தான்.

"உன்னோடது," என்றார் அவர்.

அவள் போய் மண்வெட்டியை எடுத்து வந்தாள். அவரை நகரச் சொல்லி, அதே இடத்தில் வெட்டினாள். முழங்கால் ஆழம் எல்லாம் போக வேண்டியிருக்கவில்லை. ஒரு சாணிலேயே கருப்பாகத் தெரிந்தது. கையால் மண்ணைத் தள்ளினாள். பைப் குறுக்காகக் கிடந்தது. இரண்டு பக்கமும் முழங்கை மாதிரி மடங்கி, மடங்கிய இடம் சப்பையாகி, நடுவே சைக்கிள் டியூபைக் கிழித்து இறுகச் சுற்றியிருந்தது. சுற்றின் மேல் சுற்று. பழைய டியூபுக்கு மேல் புது டியூப். அவர் ஒரு தடவை சுற்றியது அல்ல அது. வருஷா வருஷம் சுற்றியது.

மாதத்துக்கு ஒரு தடவையாவது அவர் கையில் குறடோடு இந்தப் பக்கம் வருவார். பீடி குடிக்க ஒதுங்குகிறார் என்று நினைத்து அவள் எத்தனை தடவை கத்தியிருக்கிறாள்.

கீழ்ப்பக்கமாகப் பைப்பின் போக்கைப் பிடித்துக்கொண்டு, அங்கங்கே வெட்டிப் பார்த்தபடியே இறங்கினாள். இன்னும் நம்பிக்கை இருந்தது, அவருடைய பக்கம் கோணலாக இருக்கும் என்று. நாற்பதடி தள்ளி, நூலுக்கு நேர் கீழே பைப் வந்து சேர்ந்தது. அங்கிருந்து டேப் வரைக்கும் நேர்தான். அங்கிருந்து மேலே போகப் போகத்தான் விலகியிருந்தது.

"நடுவுல இருந்த முளை பிடுங்கிக்கிச்சு," என்றார் அவர், பின்னாலேயே வந்து. "குழந்தை அழுதுச்சுன்னு ஓடினப்ப உன் கால்ல நூல் மாட்டி. திரும்ப வந்து நீயே முளையை அடிச்ச. கொஞ்சம் தள்ளி அடிச்சுட்ட."

அவளுக்கு ஞாபகம் வந்தது. குழந்தையின் மேல் எறும்பு ஏறி, அது வீறிட்டது. அதைத் துடைத்துத் தூங்க வைத்துவிட்டு, வெயிலில் கண் கூச வந்து, கைக்கு அகப்பட்ட இடத்தில் முளையை அடித்தது.

"அன்னைக்கே சொல்லியிருக்கலாமே!"

"சொல்லத்தான் வந்தேன். நீ கையெல்லாம் கொப்புளத்தோட நின்ன. எவ்வளவு நேரா வெட்டியிருக்கேன் பாத்தீங்களான்னு கேட்ட. எப்படிச் சொல்றது? அப்புறம் ரெண்டு நாள்ல சொல்லிக்கலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ நாலு பேருக்குக் கதையைச் சொல்லிட்ட."

அவமானமாக இருந்தது. அழுகையே வந்தது. ஆனால் அவளுக்கு எது வந்தாலும் வெளியே வரும்போது கோபமாகத்தான் வரும்.

"ஊரெல்லாம் நான் பீத்திக்கிட்டதைக் கேட்டுக்கிட்டு நின்னீங்களே! நேத்து இந்தத் தம்பிகிட்டச் சொல்றப்பவாவது தடுக்கக் கூடாதா? காக்காய் பாத்துக்கிட்டு நின்னீங்க!"

"கல்லு வச்சேனே," என்றார் அவர்.

நாத்தனார் பெருமூச்சு விட்டார். "சரி, ஆனது ஆச்சு. கட்டையைத் தூக்கி இங்க போட்டுட்டுப் போகச் சொல்லு."

"அது நடக்காது பெரியம்மா," என்றார் கான்ட்ராக்டர். அவர் குழிக்குப் பக்கத்தில் குந்தி, ஒரு விரலால் பைப்பின் மடிப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். "சாண் ஆழத்துல இருக்கு. பைப்பும் மக்கிப் போச்சு. என்ன கட்டை போட்டாலும் பிளந்துடும். நானே இது மேல ஓட்ட மாட்டேன்." எழுந்து கையைத் தட்டிக்கொண்டார். "உங்க இஷ்டம்க்கா. வேணாம்னா சொல்லுங்க. பாரத்தை இறக்கிடறோம்."

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். இப்போது முடியாது என்று சொன்னால் ஒருவரும் அவளைக் குறை சொல்ல முடியாது. நாத்தனாரே கூட. அவர் ஏதாவது தீர்ப்புச் சொல்வார் என்று எதிர்பார்த்தாள். அவர் டிரெய்லரில் கிடந்த மரத்தை ஒரு தடவை பார்த்துவிட்டு, "நீ சொல்றதுதான்," என்றார். பத்தொன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து வந்த முதல் கேள்வி அதுதான், கேள்வி மாதிரி இல்லாவிட்டாலும்.

நர்சரிக்காரி மண்வெட்டியில் ஒட்டிய மண்ணைக் காலால் தள்ளினாள்.

"பைப்பைப் பிடுங்கி நேராப் போடறோம். இப்பவே. நாற்பதடிதான். நான் சாயங்காலம் தண்ணி விடறதுக்குள்ள முடியணும். முடியலைன்னா டிராக்டர் வந்த வழியே மேல போயிடணும், அப்புறம் இந்தப் பேச்சை யாரும் எடுக்கக் கூடாது. உங்க ஆளுங்க நாலு பேரையும் விடுங்க தம்பி."

"விட்டேன்க்கா."

"அண்ணி, நீங்களும் வாங்க. மண்ணு காய்ஞ்சு கிடக்கு. தண்ணி தூக்கி ஊத்தினாத்தான் கடப்பாரை இறங்கும்."

"நானா?"

"கூரை உங்களுதுதானே?"

நாத்தனார் வாளியை எடுத்தார்.

கட்டைகளை உருட்டித் தள்ளிவிட்டு, நூலுக்கு நேர் கீழே தோண்டினார்கள். முதல் அரை அடி எளிது. அதற்குக் கீழே மண் செங்கல்லாக இறுகியிருந்தது. கடப்பாரை குத்தினால் கையெல்லாம் அதிர்ந்தது. நடுவில் விரல் தடிமனில் வேர்கள். வெட்டிய மரங்களின் வேர்தான், இவ்வளவு தூரம் தண்ணீரைத் தேடி வந்திருந்தது. ஆட்களில் ஒருவன் வேரை அறுத்தான், ஒருவன் மண்ணை வாரினான். டிரைவர் டிராக்டரை நிறுத்திவிட்டு, கான்ட்ராக்டரின் பைக்கில் போய் இணைப்புக்கு ஒரு ஜாயிண்டும், எல்லோரும் தின்ன ஒரு பை நிறைய பன்னும் வாங்கி வந்தான். கான்ட்ராக்டரே சட்டையைக் கழற்றிவிட்டுப் பள்ளத்தில் இறங்கினார். நாத்தனார் வழிநெடுகத் தண்ணீரைச் சிந்திக்கொண்டே தூக்கி வந்தார்; பள்ளத்துக்குப் பாதிதான் வந்து சேர்ந்தது. அவள் பார்த்தும் பார்க்காதது போல விட்டுவிட்டாள்.

வீட்டுக்காரர்தான் அவளைப் பாடாய்ப் படுத்தினார். ஒரு தடவை உண்மையைச் சொன்ன ருசி அவருக்குப் பிடித்துவிட்டது போலிருக்கிறது.

"வலது பக்கம் ஒரு விரல் சாயுது," என்றார்.

"தெரியுது."

"அங்க ஆழம் பத்தாது."

"தெரியுதுங்க."

"இந்த மண்வெட்டிக்குக் காம்பு சரியில்ல. நான் அப்பவே நெனச்சேன்."

"எப்பவே?"

"வாங்கறப்பவே. மூணு வருஷம் ஆச்சு."

ஆட்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு குனிந்தார்கள். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு வெட்டினாள். ஒவ்வொரு நூறு வெட்டுக்கும் தலை தூக்கி நூலைப் பார்த்தாள்.

மூன்றரை மணிக்கு, அவர் பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் தோண்டி நிறுத்திய இடத்தில் வந்து சேர்ந்தார்கள். மடங்கிச் சப்பையான துண்டை அறுத்து எறிந்தார்கள். ஜாயிண்ட் போட்டு இறுக்கினார்கள். பைப்பை முழங்கால் ஆழத்தில் படுக்க வைத்து, மண்ணைத் தள்ளி மிதித்து, கட்டைகளைத் திரும்ப அடுக்கியபோது வெயில் மஞ்சளாகிவிட்டது. வீட்டுக்காரர் மேலே போய்த் தொட்டி வால்வைத் திறந்தார்.

நர்சரிக்காரி எப்போதும் போல ஓஸை ஒரு கையில் லேசாகப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதலில் காற்று வந்தது. பிறகு சேறு. அதற்குப் பிறகு வந்த தண்ணீர் ஓஸையே அவள் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. ஓஸ் தரையில் துள்ளி, முன்வரிசையில் இருந்த பத்துப் பன்னிரண்டு பைகளைச் சாய்த்து, வாளியில் உட்கார்ந்திருந்த நாத்தனாரைத் தலையோடு நனைத்து, கூடார வலையில் சடசடவென்று அடித்தது. நாத்தனாரின் அலறலில் ஆட்கள் ஓடி வந்தார்கள். அவள் பாய்ந்து பிடித்து, கட்டை விரலால் வாயை அடைத்தாள். அப்போதும் அது விசிறியடித்தது.

மூவாயிரம் பைகளும் முக்கால் மணியில் நனைந்து முடிந்தன. அதற்குப் பிறகு செய்ய ஒன்றும் இல்லை. அவள் அந்த நேரத்தில் சும்மா நின்றதே கிடையாது. எங்கே நிற்பது என்றுகூடத் தெரியவில்லை. டேப்பை மூடிவிட்டு, ஈரத் தரையில் அப்படியே உட்கார்ந்தாள். ஊற்று வற்றுகிறது என்றாள் இத்தனை காலம், வெயில் என்றாள், ஓஸ் மட்டம் என்றாள். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரம். பத்தொன்பது வருஷம். அந்த நேரத்தில் மகனோடு உட்கார்ந்திருக்கலாம், தூங்கியிருக்கலாம், ஒன்றுமே செய்யாமல் வானத்தைப் பார்த்திருக்கலாம்.

வீட்டுக்காரர் மேலேயிருந்து இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார்.

"இவ்வளவு தண்ணி வரும்னு தெரியுமா உங்களுக்கு?"

"கொஞ்சம் தெரியும்," என்றார். "உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"என் மனசு கஷ்டப்படாம இருக்கறதுக்கு என் கை கஷ்டப்பட்டுச்சுங்க." ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். "அந்தத் துண்டுல போய் நீங்க டியூப் சுத்தினது வேற. இனிமே என் மனசைப் பாக்காதீங்க. எதுவா இருந்தாலும் இருக்கறதை இருக்கற மாதிரி வாயைத் திறந்து சொல்லுங்க. நான் கத்துவேன். கத்தட்டுமே. கத்திட்டுப் போறேன்."

தரையில் கிடந்த ஒரு குச்சியை எடுத்து ஒடித்தார். இன்னும் சின்னதாக ஒடித்தார்.

"அப்ப இன்னொண்ணு சொல்லட்டுமா?" என்றார்.

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் முகத்தைப் பார்த்தால் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. ஈரப் புடவையைப் பிழிந்துகொண்டிருந்த நாத்தனாரின் கை நின்றது.

சரிவிலிருந்து கான்ட்ராக்டர் கூப்பிட்டார். "அக்கா, வெளிச்சம் போறதுக்குள்ள ஒரு நடை எடுத்துடலாமா? வண்டியை விடட்டுமா?"

"விடுங்க," என்று கத்தினாள் அவள். "கட்டை மேல பாத்து விடுங்க."

இன்ஜின் உறுமியது. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"நாளைக்குச் சொல்லுங்க," என்றாள் வீட்டுக்காரரிடம். "இன்னைக்கு இது போதும்."